முழுநேரப் பாடகர்

பகலில் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்ப்பு, மாலையில் சம்பளத்துக்குச் சேர்ந்திசைக் குழுவில் செவ்வியல் பாட்டு என்று இரட்டைக் குதிரைச் சவாரி செய்து இடுப்பொடிந்த விஞ்ஞானி, ஒன்றிலிருந்து இறங்கிவிடத் தீர்மானித்தார். எதிலிருந்து என்பதுதான் புரியவில்லை.

“கிருமியை யார் வேணா வளர்க்கலாம் சார். உங்க குரல் யாருக்கு வரும்?” என்று உருகினார் ஆய்வுக்கூட இயக்குநர்.

“பாடுறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க டாக்டர். உங்க மூளை உலகத்துக்கு வேணும்” என்று நெகிழ்ந்தார் பாட்டுக்குழுத் தலைவி.

இரண்டு பெரிய மனசுகளுக்கு நடுவே தூக்கம் கெட்ட விஞ்ஞானி, கடைசியில் ராஜினாமாவை இயக்குநரிடம் நீட்டிவிட்டு நேரே ஒத்திகைக்கு ஓடினார்.

“மேடம், வேலையை விட்டுட்டேன். இனிமே முழுநேரமும் பாட்டுதான்.”

தலைவி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

“அவசரப்பட்டுட்டீங்களே டாக்டர். அதைத் திரும்ப வாங்க முடியாதா?”

“இயக்குநர் உடனே கையெழுத்துப் போட்டுட்டார். என் குரல் மேல அவருக்கு அவ்வளவு மதிப்பு.”

“நீங்க பாடி அவர் கேட்டதே இல்லையே. உங்க ஆராய்ச்சியை நானும் படிச்சதில்லை. தினமும் காலையில நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடக்கப் போவோம். உங்களை யார் தலையில யார் கட்டுறதுங்கிறதுதான் பேச்சே.”

விஞ்ஞானி பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குழுவில் தன் வழக்கமான இடத்தில் போய் நின்றார்.

“உங்க இடத்துக்கு வேற ஆள் பார்த்தாச்சு டாக்டர். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். உங்க இயக்குநர் முந்திக்கிட்டார்.”