வீடு பார்க்க வந்தவர்

“மூணு மணிக்கு வாராராம். மாடு ரெண்டு போதுமா?” என்று கேட்டார் நல்லகாமன்.

“ரெண்டு எப்படிப் போதும்? எங்க அண்ணன் கொட்டத்துல நாலு நிக்குது. அம்புட்டையும் ஓட்டிட்டு வாங்க,” என்றாள் ரெங்கம்மாள்.

அவர்களுக்குச் சொந்தமாக மாடு கிடையாது. சமயநல்லூருக்கு மேற்கே வானம் பார்த்த நிலம் கொஞ்சம் இருந்தது. இந்த வருஷம் அதில் ஒன்றும் விளையவில்லை.

மகன் முத்திருளன் மதுரையில் பி.ஏ. முடித்திருந்தான். அவன் கல்லூரிக்கும் சீமையில் ஒரு கல்லூரிக்கும் ஏற்பாடு உண்டு. இங்கிருந்து போகிறவன் அங்கே படிப்புக்குச் சம்பளம் கட்ட வேண்டாம். ஆனால் கப்பல், தங்குமிடம், குளிருக்குத் துணி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய் ஆகும். வருஷத்துக்கு ஒரு மாணவனுக்கு அதையும் கல்லூரியே கொடுக்கும். இந்த முறை முத்திருளனும் பரவைக்காரப் பையன் ஒருவனும் தேறியிருந்தார்கள். பேராசிரியர் ஞானாபரணம் இருவர் வீட்டையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

“வீட்டை எதுக்குப் பாக்கணும்னு நீ கேக்கலையாடா?” என்றார் நல்லகாமன்.

“கூச்சமா இருந்துச்சுய்யா.”

“இதுல கேக்க என்ன இருக்கு?” என்றாள் ரெங்கம்மாள். “சம்பந்தம் பேச வாரவன் எதுக்கு மாட்டுக் கொட்டத்தையும் நெல்லுக் குலுக்கையையும் எட்டிப் பாக்குறான்? இல்லாத வீட்டுப் பிள்ளையை எவன் கப்பல் ஏத்துவான்? போன வருஷம் போனது யாரு? ஜவுளிக்கடைக்காரர் மகன்.”

முத்திருளனுக்கு அது சரியென்றே பட்டது.

ரெங்கம்மாள் சொல்லச் சொல்ல வீடு நிறைந்தது. பள்ளிக்கூடத்து நாற்காலி வந்தது. பித்தளை அண்டாக்கள் வந்தன. சாக்குகளில் உமியை நிரப்பி, மேலே நெல்லைப் பரப்பி, வாயைத் திறந்து வைத்தாள். பக்கத்து வீட்டுச் சீனியம்மாளின் சங்கிலி அவள் கழுத்துக்கு வந்தது.

ரெங்கம்மாளின் அண்ணன் விருமாண்டி மாடுகளைக் கொண்டுவந்து காலியாகக் கிடந்த கொட்டத்தில் கட்டினார்.

“மாப்ள, மகனோட சேத்து என் மாட்டையும் சீமைக்கு ஏத்தி விட்டுறாத.”

“உன் மாட்டை எவன் ஏத்துவான்? எலும்பு குத்திக் கப்பல் ஓட்டையாயிரும்,” என்றார் நல்லகாமன்.

முத்திருளன் சிரிக்கவில்லை. அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாகக் கரண்டியால் சோறு தின்று பழகினான். இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் கண்மாய்க்கரை வரை நடந்து வந்தான். கொழும்பு, ஏடன், சூயஸ் என்று கப்பல் நிற்கும் இடங்களை வாய்க்குள் சொல்வான். சூயஸைத் தாண்டினால் காற்று குளிர ஆரம்பிக்குமாம். அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிடும்.

ரெங்கம்மாள் அருகில் வந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“மூணு வருஷமாப்பா?”

“மூணே வருஷம்தான் ஆத்தா.”

“உங்க அண்ணனும் அப்படித்தான் சொல்லிட்டுப் பினாங்குக்குப் போனான்.”

மூத்தவன் மலைச்சாமியிடமிருந்து தகவல் வந்து வெகுகாலம் ஆயிற்று.

“அது தோட்ட வேலை. இது படிப்பு.”

“கடல் ஒண்ணுதானப்பா,” என்றாள். பிறகு, “அண்டாவை இன்னும் நல்லா வெளக்கணும்,” என்று உள்ளே போனாள்.

ஞானாபரணம் ஜட்காவில் வந்து இறங்கினார். குடையை மடக்கிவிட்டுக் கொட்டத்தைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார்.

“மாடெல்லாம் உங்களோடதுதானா?”

“ஆமாங்கய்யா.”

“நிலம் எவ்வளவு இருக்கு?”

நல்லகாமன் தெற்கே கையை நீட்டினார். “அந்தா நாகமலை தெரியுதுல்லங்கய்யா. அதுக்கு இங்கிட்டு இருக்கறது அம்புட்டும்.”

ஞானாபரணம் நாற்காலியில் உட்கார்ந்து பாலைக் குடித்தார். டம்ளரை வைத்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

“பெரிய பாரம் இறங்கின மாதிரி இருக்கு. ரெண்டு பேரும் நல்லாப் படிக்கிற பிள்ளைங்க. யாரை விடறதுன்னு தெரியாம ரொம்பத் தவிச்சேன்.”

நல்லகாமன் மகனைப் பார்த்தார். முத்திருளன் தூணைப் பிடித்துக்கொண்டான்.

“காலையில பரவையில பேயாண்டி வீட்டுக்குப் போனேன். உட்காரப் பாய்கூட இல்லை. இப்ப ரெண்டு பேருமே போகலாம். காலேஜ் பணம் அவனுக்கு. இவனை நீங்க அனுப்பிடுவீங்க.”

“நாங்களா?” என்றார் நல்லகாமன்.

“வசதி இருக்கிறவங்க சொந்தச் செலவுலதான் அனுப்பணும். ஜவுளிக்கடைக்காரரும் அப்படித்தான் அனுப்பினார். காலேஜ் பணம் இல்லாதவங்களுக்குன்னு வச்சது.”

கொட்டத்தில் ஒரு மாடு தலையை ஆட்டியது.

“சார், அது எங்களுக்குத் தெரியாது,” என்றான் முத்திருளன்.

ஞானாபரணம் வியப்போடு அவனைப் பார்த்தார். “தெரியாதா? போன வாரம் உங்க அம்மா காலேஜுக்கே வந்து விசாரிச்சாங்களே. இல்லாத வீட்டுக்குத்தான் பணம்னு நான்தான் விவரமாச் சொல்லி அனுப்பினேன்.”

முத்திருளன் திரும்பினான். ரெங்கம்மாள் நிலைப்படியில் நின்றிருந்தாள்.

“காலையிலயிருந்து நீ ஒண்ணும் சாப்பிடலையேப்பா,” என்றாள். “சோறு போடட்டுமா?”