சமையக்கட்டுக்குள்ள போன ட்ரஃபிள்

வெள்ளை ட்ரஃபிளை யாராவது அடுப்புல ஏத்துவாங்களா? மண்ணுக்கடியில கட்டி கட்டியா விளையற, தங்க விலை விக்கற வாசனைக் காளான்; பச்சையாச் சீவித் தூவற சரக்கு அது. என் தங்கச்சி டெல்ஃபினா ஏத்தப் போறேன்னு நின்னா. அதுவும் அவ பொண்ணுக்குப் பேசி முடிச்ச சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவையா சாப்பிட வந்த அன்னிக்கு!

மாப்பிள்ளையோட அப்பா செவெரினோ சாமானியப்பட்டவர் இல்ல. ஓக் மரத்தடியில ட்ரஃபிள் தோண்டறதுல இந்த மலைப்பக்கமே அவருக்குப் பேரு. போன வருஷம், மோப்பம் பிடிச்சு ட்ரஃபிள் காட்டற அவரோட நாய் செத்தப்ப ஊரே துக்கம் கேக்கப் போச்சு. அவர் அத்தை செத்தப்பக்கூட அவ்வளவு கூட்டம் இல்ல. அந்த அத்தை ஒரு மாதிரி, அது இருக்கட்டும்.

வந்ததும் வராததுமா ஒரு துணிப் பொட்டலத்தை டெல்ஃபினா கையில வெச்சார்.

"நாய் இல்லாமலே எடுத்தேம்மா! என் மூக்கு போதும். மேஜைக்குக் கொண்டு வந்து சீவுங்க. என் பையன் எப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளைன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

டெல்ஃபினா துணியோட ஓரத்தைப் பிரிச்சா. சட்டுனு மூடினா.

"மேஜையில வேண்டாம். நான் உள்ளேயே துருவி வெண்ணெயில வதக்கிடறேன்."

எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. முழுசாக் கொண்டு வந்து, ஆளாளுக்கு மோந்து பார்த்து, தட்டுக்கு மேலேயே சீவறதுதானே வழக்கம்? எங்க பெரியப்பா மகன் ஜாசிந்தோ ஒரு தடவை வதக்கினான். பொண்டாட்டி ஒரு வாரம் பேசல. அந்த ஒரு வாரம்தான் நிம்மதின்னு அவன் சொன்னது வேற கதை.

பின்னாலேயே ஓடினேன். உள்ளே அவ காஞ்ச போர்சினி காளானை வெந்நீர்ல ஊறப் போட்டுக்கிட்டிருந்தா.

"ஏண்டி, பைத்தியமா? காளான் வாசனையில ட்ரஃபிள் அமுங்கிடுமேடி!"

"அமுங்கட்டும்."

காளானை வெண்ணெயில போட்டா. ஊறின தண்ணியை வடிகட்டி ஊத்தினா. அப்புறம் அலமாரிக்குப் பின்னாலேர்ந்து ஒரு பாட்டில். ட்ரஃபிள் எண்ணெய்! டூரிஸ்ட்டுங்க வாங்கிட்டுப் போற, செயற்கை வாசனை போட்ட கடைச் சரக்கு!

"அவர் கொண்டு வந்ததை ஒளிச்சு வெச்சு விக்கப் போறியா?"

"அக்கா, பாஸ்தா பொங்குது. தள்ளு."

தட்டு வந்ததும் மேஜையே கமகமன்னு ஆச்சு. கல்யாணப் பொண்ணு மிரெல்லா முகம் செவந்து போச்சு. "சீவலே இல்லையேம்மா!"

"அதான் துருவிட்டேனே. பேசாம சாப்பிடு."

செவெரினோ சாப்பிடல. எல்லார் முகத்தையும் ஒண்ணொண்ணாப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மட்டும் விவரம் தெரியாம, "அடேங்கப்பா, என்ன வாசனை!"ன்னார்.

அப்புறம்தான் செவெரினோ முள்கரண்டியை எடுத்தார். "பார்த்தீங்களா என் மூக்கை! எல்லாருக்கும் இன்னொரு தட்டு கொண்டு வாங்க!"

உள்ளே ஓடினா டெல்ஃபினா. நானும் ஓடினேன். பாட்டிலைக் கவுத்து உலுக்கறா, ஒரு சொட்டு வரல.

"வாசனை இல்லாம எப்படிக்கா இன்னொரு தட்டு வெப்பேன்?"

"அவர் குடுத்ததை எடுத்துச் சீவேண்டி!"

பொட்டலத்தை என் கையில திணிச்சா. "இந்தா, நீயே சீவு."

பிரிச்சேன். விரல் பட்டதும் பொலபொலன்னு உதிர்ந்துச்சு.

களிமண் கட்டி.

"அவருக்குக் கண்ணும் போச்சு, மூக்கும் போச்சுக்கா. அது அவருக்கே தெரியல. அத்தனை பேர் முன்னாடி இதையா சீவச் சொல்ற?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கதவு திறந்துச்சு. செவெரினோவோட பொண்டாட்டி ஆர்மிதா!

டெல்ஃபினா கையில காலி பாட்டில். என் கையில மண்ணு. ஒளிக்கக்கூட நேரமில்ல. கல்யாணம் இதோட நின்னுச்சுன்னு நினைச்சேன்.

ஆர்மிதா மண்ணைப் பார்த்தா. பாட்டிலைப் பார்த்தா. கதவைச் சாத்தினா. கைப்பையைத் திறந்து, அதே எண்ணெய்ல ஒரு முழு பாட்டிலை எடுத்து அடுப்போரமா வெச்சா.

"எந்த வீட்டுக்குப் போனாலும் ஒண்ணு எடுத்துட்டுத்தான் போவேன். நான் கெஞ்சிக் கேக்காம ஊத்தினது நீங்க ஒருத்தர்தான், சம்பந்தி."