தூங்கும் தொட்டி

"தூங்குறவனை எழுப்பிடாதீங்க மாப்ள. பாவமேன்னு தண்ணி கிண்ணி குடுத்தீங்க, ஆள் அவ்வளவுதான்!"

மாமனார் இதைச் சொன்னபோது வாசலில் கார் காத்திருந்தது. மூத்த மகள் வீட்டுக்குப் போகிறார், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். பெட்டியைக்கூட வண்டியில் ஏற்றாமல், ஒரு மண்தொட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி மருமகனிடம் நீட்டினார்.

தொட்டிக்குள் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

"உள்ள இருக்கான். தரை ஆர்க்கிட்," என்றார்.

மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு காற்றில் வேர் விடுகிற ஆர்க்கிட் வேறு, இது வேறு. இது மண்ணுக்குள் கிழங்கு வைக்கிற ஜாதி. பூத்து ஓய்ந்ததும் சாப்பாட்டையெல்லாம் கிழங்கில் சேர்த்துக்கொண்டு, இலைகளை உதிர்த்துவிட்டுப் படுத்துவிடும். இலை இல்லாத செடிக்குத் தண்ணீரை மேலே இழுக்க வழியில்லை. ஊற்றினால் ஈரம் அங்கேயே தேங்கிக் கிழங்கு அழுகிவிடும். முளை தானாக எட்டிப் பார்க்கும்வரை காயப்போடுவதுதான் பராமரிப்பு.

"அப்படின்னா ஒண்ணுமே செய்யக் கூடாது," என்றாள் மருமகனின் மனைவியான இளைய மகள். "அது ஒண்ணுதாம்ப்பா இவருக்கு வராது."

மருமகன் எலெக்ட்ரீஷியன். ஒழுங்காக ஓடுகிற மிக்ஸியையும், எப்படி ஒழுங்காக ஓடுகிறது என்று கழற்றிப் பார்க்கிற கை அவனுக்கு. மாடி அறையில் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை போட வேண்டும் என்று கல்யாணமான நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறான். மாமனாரும் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருக்கிறார்.

"இவனை நோண்டாம வச்சிருந்து பூக்க வைங்க, மாடிச் சாவி உங்களுக்கு," என்றார் காரில் ஏறிக்கொண்டே. "இல்லேன்னா அந்தப் பேச்சை அதோட விட்ருங்க."

மருமகன் முதலில் வைராக்கியமாகத்தான் இருந்தான். ஆனால் பால்கனிப் பக்கம் போகும்போதெல்லாம், வெடித்துக் கிடந்த அந்த மண் அவனைப் பார்த்து நாக்கைத் தொங்கப்போட்டது. ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர், தொண்டை நனைய மட்டும், என்று ஒருநாள் ஊற்றினான். மறுநாளும் தொட்டிக்குத் தொண்டை காய்ந்திருந்தது.

"ஏங்க, சர்க்கரை டப்பா ஸ்பூன் எதுக்கு எப்பப் பாத்தாலும் பால்கனிலயே கிடக்கு?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அவன் ஸ்க்ரூடிரைவர் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டான்.

வெயில் மாறி, பக்கத்து வீட்டுத் தொட்டிகளெல்லாம் துளிர்த்தன. இவன் தொட்டியில் வாடைதான் வந்தது. பொறுக்க முடியாமல் மண்ணைக் கிளறினான். கிழங்கு கூழாகி விரல் இடுக்கில் வழிந்தது.

"பேசாம அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"சொல்லலாம். அப்புறம் மாடியை ஆயுசுக்கும் கீழ இருந்தே அண்ணாந்து பாக்கணும், பரவால்லையா?"

அன்றே ஊர்க்கோடியில் இருந்த நர்சரிக்கு ஓடினான். "தரை ஆர்க்கிட்டுன்னு ஒண்ணு..." என்று இழுத்ததுமே நர்சரிக்காரர் கையமர்த்தினார்.

"ரோஸ் கலரு. பூவோட கீழ் இதழ் சுருக்கம் வச்ச மாதிரி இருக்கும். அதானே?"

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"இந்த சமயத்துல நம்மகிட்ட அதத்தானே கேட்டு வராங்க," என்று சொல்லிவிட்டு, நிழல்வலைக்குப் பின்னால் தனியாக எடுத்து வைத்திருந்த செடியைக் கொண்டு வந்தார்.

பழைய மண்ணைக் கொட்டி, தொட்டியைக் கழுவி, பருமணலும் இலைமக்கும் கரித்துண்டும் கலந்து நிரப்பினான். கிழங்கின் தோள் மண்ணுக்கு வெளியே தெரிகிற மாதிரி நட்டான். விழித்திருக்கிற செடி என்பதால் இப்போது தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம் என்பது அவனுக்குப் பெரிய ஆறுதல். மாமனார் வந்து இறங்கிய அன்று, தண்டின் உச்சியில் வரிசையாகப் பூ.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இலையைத் திருப்பினார், மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார், கிழங்கின் தோளைத் தடவினார். மருமகனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மாப்ள!" என்று நிமிர்ந்தார். "உங்களுக்குக் கை சும்மா இருக்காதுன்னு நினைச்சேன். என் நினைப்புதான் தப்பு."

அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டு டீச்சரையும் கூப்பிட்டுக் காட்டினார். "காஞ்சு கிடக்கிறதப் பாத்துக்கிட்டு ஒரு சொட்டு ஊத்தாம இருக்கணும் டீச்சர். மனசு கிடந்து அடிச்சுக்கும். கல்லு மாதிரி ஆளா இருந்தாத்தான் முடியும்!" மகள் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் புகுந்துகொண்டாள். டீச்சர் சாட்சியாக, மாடிச் சாவி மருமகன் உள்ளங்கைக்கு வந்தது.

சாவி உள்ளங்கையில் உறுத்தியது. டீச்சர் போன பிறகு அவன் மென்று விழுங்கினான். "மாமா... ஒண்ணு சொல்லணும். அந்தச் செடி வந்து..."

மாமனார் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பால்கனிக் கதவைச் சாத்தினார். அவன் காதோரம் குனிந்தார்.

"அடுத்த வருஷமும் நர்சரிக்கு நீங்களே போயிடுங்க மாப்ள. வருஷா வருஷம் என்னைப் பாத்து அந்தக் கடைக்காரன் சிரிக்கிறான்."