நடுவில் மூன்று வருடம்

"ஏனுங்க தம்பி, இந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி யாருக்குங்க லாபம்? எனக்கா, உங்க கடைக்கா?"

வாஷிங் மெஷினுக்குப் பில் போட வந்த குமாரசாமி, விற்பனையாளன் ரிஃபத்திடம் இப்படிக் கேட்டார். இந்த மாதம் அவன் ஒரு கூடுதல் வாரண்டிகூட விற்கவில்லை. இன்றும் விற்காவிட்டால் காந்திபுரம் கடையிலிருந்து வெகு தொலைவிலுள்ள தாராபுரம் கிளைக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அவன் மனைவிக்கோ வேலை இங்கே பக்கத்தில், மதுக்கரையில்.

கம்பெனி தரும் இரண்டு வருடம் முடிந்த பிறகு இன்னும் மூன்று வருடம் பாதுகாப்பு என்று மனப்பாடமாக ஒப்பித்தான்.

குமாரசாமிக்குக் கணபதியில் லேத் பட்டறை. மெஷின் பேச்சென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அட்டைப்பெட்டியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். இரண்டு பக்கமும் மேடு, நடுவில் நீண்ட பள்ளம்; மேடு என்றால் பழுது அதிகம், பள்ளம் என்றால் குறைவு. எலக்ட்ரானிக் சாமானில் தயாரிப்புக் குறை இருந்தால் முதல் சில மாதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்றார். அதைத் தாண்டிவிட்டால், தேய்ந்து ஓயும்வரை அது பாட்டுக்கு ஓடும்.

"மொத மேட்டுக்குக் கம்பெனி வாரண்டி இருக்குதுங்க. கடைசி மேடு வர்றப்ப உங்க வாரண்டி முடிஞ்சிருக்கும். நடுவுல இருக்கற பள்ளத்தைத்தான் தம்பி எனக்கு விக்கப் பாக்கறீங்க."

நான்கு வருடமாகத் தான் விற்பது என்னவென்று இன்றுதான் ரிஃபத்துக்குப் புரிந்தது. தாராபுரம் உறுதி என்று தெரிந்தும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நீங்க சொல்றது செரிதானுங்கண்ணா" என்றான்.

அவர் வண்டியை எடுக்க வெளியே போனார். கூட வந்திருந்த அவர் மனைவி கோமளா, அந்த மூன்று வருட வாரண்டியைச் சேர்த்துப் போடச் சொன்னாள்.

"அக்கா, அண்ணன்தான் வேண்டாம்னு அவ்வளவு தெளிவா..."

"அவரு சொன்னா நூத்துக்கு நூறு செரியாத்தானுங்க இருக்கும். அப்படியொரு மூளை." கோமளாவின் முகத்தில் பெருமை பொங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனி ஆளைத் தவிர வேற யாராச்சும் மெஷினைக் கழட்டினா வாரண்டி செல்லாதுங்ளா?"

"செல்லாதுங்கக்கா. ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடக்கூடாது."

"அது போதுமுங்க" என்று பணத்தை நீட்டினாள். "போன மெஷின் தானாக் கெடலீங்க. வாரண்டி முடிஞ்ச அன்னிக்கே, உள்ளுக்குள்ள எப்படி ஓடுதுன்னு பாக்கறேன்னு அவருதான் கழட்டிப்போட்டாரு."