ரோட்டில் படுத்தவர்கள்

கலியபெருமாளின் சிநேகிதர் லியாக்கத் அலியின் மகள் ரூமானா சிதம்பரத்தில் வக்கீல். கொடுவா மீனோடு பார்க்க வந்தவரை உட்காரவைத்து ஒரு வழக்கைச் சொன்னாள்.

"வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் கடலோரத்துல இறால் பண்ணை போட்டாரு மாமா. ஊர்க் கெணறெல்லாம் உப்பாயிடுச்சு. ஜனங்க ரோட்டை மறிச்சதும் லைசென்ஸ் ரத்தாயிடுச்சு. முதலீட்டு ஒப்பந்தத்தை மீறிட்டாங்கன்னு அரசாங்கத்து மேலயே சர்வதேச நடுவர் மன்றத்துல கேஸ் போடப் போறாரு."

"நம்ம பரங்கிப்பேட்டைக்கும் இப்படித்தானே ஒருத்தன் வந்தான்! நானும் ஒங்க வாப்பாவும் ரோட்ல படுத்துல்ல தொரத்துனோம்? இவனுக்கு நஷ்டஈடு வேறயா! யாரும்மா அந்த ஆளு?"

"எங்க வாப்பாதான் மாமா. பண்ணை இருக்கறது ஆப்பிரிக்காவுல. என்னையே வாதாடச் சொல்றாரு."

கலியபெருமாள் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"லியாக்கத்துக்குப் போனைப் போடும்மா. அங்க ரோட்ல படுத்தவங்கள்லயும் ஒரு லியாக்கத் இருப்பான். அவனுக்கு நம்ம லியாக்கத் என்ன பதில் வச்சிருக்கான்னு கேக்குறேன்."