காணிக்கைக் கோழி

உபதேசியார் கோழியை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"கோழிக் கொட்டகைக்காரர் வீட்டுக் காணிக்கை! ஐந்நூறு ரூவா, ஒரு தரம்!"

அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் காணிக்கைப் பொருட்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பூசணிக்காயும் வாழைத்தாரும் போய்விட்டன.

காணிக்கை கொடுத்த கொட்டகைக்காரன் கோழியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நேராகத்தான் இருந்தது. இதுவரை.

கர்த்தருக்கு முதல்தரமானதைக் கொடுங்கள் என்று போன வாரம் பிரசங்கம். அவனும் தலையாட்டினான். தலையாட்டக் காசா, பணமா?

நல்ல நாட்டுக்கோழி எண்ணூறு ரூபாய். பக்கத்து ஊரில் இருநூறுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே கழிச்சல் நோய். விற்றவள் முற்றத்தில் ஒரு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்றியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.

காலைக் கட்டிவிட்டால் எல்லாக் கோழியும் ஒன்றுதான். யாராவது ஏலம் எடுப்பார்கள். மத்தியானம் குழம்பாகிவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

அவன் கொட்டகையில் நாலாயிரம் பிராய்லர் கோழிகள். செவ்வாய்க்கிழமை ஏற்றிப்போக லாரி வரும். வீட்டை அடமானம் வைத்துக் கட்டிய கொட்டகை. ஒன்றுக்குக் கழிச்சல் வந்தால் மூன்றே நாளில் அத்தனையும் போய்விடும். நாட்டுக்கோழி அந்தப் பக்கமே வரக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம்.

"ஆயிரம்!"

பெண்கள் பக்கமிருந்து வந்தது குரல். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தங்கபுஷ்பம். அவன் மனைவி. அசன விருந்துச் சமையலுக்காக விடியுமுன்னே கோயிலுக்கு வந்தவள். கோழியை இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஆயிரத்து நூறு" என்றான் அவன்.

கூட்டம் சிரித்தது.

"புருசனும் பொண்டாட்டியும் போட்டி போட்டுல்லா கொடுக்காவ!"

"ஆயிரத்து ஐந்நூறு" என்றாள் அவள்.

யார் கேட்டாலும் போவது அவன் பணம். வாயை மூடிக்கொண்டான். எடுக்கட்டும், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அறுத்துவிடலாம்.

மூன்று தரம்.

போதகர் அவனை முன்னால் அழைத்து முழங்கால்படியிடச் சொன்னார். தலையில் கை வைத்தார். ஆண்டவர் ஒப்படைத்ததில் எதையும் ஒளிக்காத உண்மையுள்ள உக்கிராணக்காரன் என்று சொல்லி ஜெபித்தார். ஊரே கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

நீண்ட ஜெபம்.

பாதியில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. கூடவே தங்கபுஷ்பத்தின் குரல்.

"வீட்டுக்கு வேண்டாம்ப்பா, நேரே கொட்டகைக்குப் போ."

அவன் கண்ணைத் திறந்தான்.

எழுந்திருக்க வேண்டும். கத்த வேண்டும். அது நோய்க்கோழி, தெரிந்துதான் கொண்டுவந்தேன் என்று இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

தலைமேல் கை இருந்தது.

"ஆமென்" என்றான்.

பைக்கில் வரும்போதே நான்கு முறை போன் போட்டான். அவள் எடுக்கவில்லை.

கொட்டகைக்கு வெளியே அவளுடைய செருப்பு கிடந்தது. கோயிலில் கழற்றுவதைப் போல ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தாள்.

உள்ளே, கோழியின் கால்கட்டு அவிழ்ந்திருந்தது.

"போன தடவை வெயிலுக்கு எவ்வளவு செத்துச்சு! அதான், கர்த்தருக்குப் படைச்ச கோழி ஒரு சுத்து வந்தா ஆசீர்வாதம்னு இறக்கி விட்டேன். உங்க சட்டம் இதுக்கும் உண்டுமா, என்ன? பாவம், அதுக்கு என்ன தாகமோ. ஒரு தட்டு விடாம வாய் வச்சுத் தண்ணி குடிச்சுது."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கொட்டகையின் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. கழுத்து மெல்லத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் திரும்பியது.

வெள்ளைக் கோழிகள் ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வந்தன.

"நல்ல கோழி" என்றாள். "எங்க வச்சு வாங்குனீங்க?"