மாலியேமென் கொடி

கத்தரிக்கோலை ஒதிலே எடுத்து நீட்டினாள்.

"அம்மனுக்கு எது ஆகாதோ, நீங்களே வெட்டிடுங்க பூசாரி."

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. வெளியே தப்பை அனலில் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

மேஜையில் கொடி விரிந்து கிடந்தது. ஒதில் பதினோரு மாதம் உட்கார்ந்து தைத்த கொடி.

கூலிகளாகக் கப்பலேறிப் போன தமிழரின் வம்சம் வாழும் குவாதலூப் தீவில், கரும்புக் காட்டுக்கு நடுவே கோயில். மாரியம்மனை அங்கே மாலியேமென் என்பார்கள். உச்சிப் பொழுதுக்குள் கொடி ஏற வேண்டும். ஏறாவிட்டால், ஆப்பிரிக்கத் தாய்க்குப் பிறந்தவளுக்கு இந்த வாசலில் என்ன வேலை என்று கேட்டவர்கள் ஜெயித்துவிடுவார்கள்.

ஒதிலுக்கு அந்தப் பயம் துளியும் இல்லை.

அடித்துணி சர்க்கரைச் சாக்கு. அம்மன் முகம் பழைய மஞ்சள் பாவாடை. கண்கள் இரண்டும் ரம் பாட்டில் மூடிகள், தட்டித் தட்டையாக்கியவை. சூலத்துக்கு ஒரு முள்கரண்டி. அடேயப்பா, அதற்கே என்ன மிடுக்கு! ஓரம் முழுக்க, தாய்வழி முன்னோருக்காகச் சோழிகள்.

அம்மன் பாதத்தில் ஒரு மாதா பதக்கம்.

அதுதான் வினை.

ரெனே வைத்திலிங்கம் பூசாரிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"எங்கம்மா மாதா கோயில் வாசப்படிய மிதிச்சவ இல்ல. அவ கட்டிக் காத்த கோயில் இது."

முப்பது வருடமாக இதையேதான் சொல்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவர் அம்மா. அது அவருக்கே தெரியாது, பாவம்.

ஒதிலுக்குத் தெரியும். கொடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் குனிந்தார். கத்தரி முனையால் பதக்கத்தை நெம்பினார்.

கை நின்றது.

பதக்கத்தின் விளிம்பில் பல் தடம். சின்னஞ்சிறு பல்.

நாலு வயதில் அவருக்கு அம்மை போட்டிருந்தது. பாயெல்லாம் வேப்பிலை. எரிச்சல் தாங்காமல், கழுத்தில் கிடந்ததைக் கடித்துக்கொண்டே கிடந்தார். தாயத்து என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். அதன் கசப்பு இப்போது நாக்குக்கு வந்தது.

சாவதற்கு முன் அந்த அம்மா ஒதிலைக் கூப்பிட்டனுப்பி, இதை உள்ளங்கையில் வைத்து மூடினாள். "ரெண்டு பேரும் சேந்துதான் எம்புள்ளையக் காப்பாத்துனாளுக. ஒருத்திய மட்டும் கும்பிட்டா நல்லாவா இருக்கு?"

வெளியே தப்பு முழங்கத் தொடங்கிவிட்டது.

"என்ன பூசாரி, வெட்டியாச்சா?" வாசலிலிருந்து யாரோ கேட்டார்கள்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஒதிலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஊசியக் குடு. இந்த எடத்துல தையல் தளந்திருக்கு."

பதினோரு மாதத்தில் ஒரு தையலைக்கூடத் தளர விடாதவள், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.